பன்னிரண்டாம் மாடித் தூதர்

இரண்டு வாக்கியம் பேசுவார். பிறகு நிறுத்திவிடுவார். கைகள் மடியில் கோத்திருக்கும், கண்கள் நம் முகத்தில் இருக்கும். நாம் பதில் சொல்ல வாயைத் திறந்தால் லேசாகத் தலையசைத்துவிட்டு மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்குவார். முதல் சில வாரங்கள் அவருக்கு மூச்சிரைப்பு என்றுதான் நினைத்தேன். எண்பதை நெருங்கும் வயது, சீனாவின் வடக்கிலிருந்து வந்தவர், பினாங்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று என் அலுவலகத்தில் அவருக்காக ஏர்கோனைக் கூட்டி வைப்பேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சை இன்னொரு மொழியில் சொல்லி முடிக்கட்டும் என்று பல வருடம் காத்திருந்து பழகியவர் அவர். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய நாட்டில் அது ஓரளவு தெரிந்த பெயர். எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் அவர் வெறும் பன்னிரண்டாம் மாடி அங்கிள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்த மகளோடு தங்க வந்தார். பதினான்கு மாதம் இருந்தார். மகளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும் போய்விட்டார்.

ஜெலுத்தோங்கில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கொண்டோவில் நான் அப்போது மேனேஜர். லிஃப்ட் நின்றுபோனால், குழாய் ஒழுகினால், அடுத்த வீட்டு நாய் குரைத்தால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஒருநாள் காலையில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முழுக்கை வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீனர் நின்றார். உள்ளே வரும்படி கையைக் காட்டினேன். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் மேசைக்கு எதிரில் நின்றார்.

"சரிக்கா, வைக்கிறேன். ஒரு சைனீஸ் ஆ பெக் வந்து செல மாதிரி நிக்கிறாரு. பைப் ஒழுகுதும்பாரு, வேற என்ன" என்று சொல்லி போனை வைத்தேன். ஆ பெக் என்றால் எங்கள் ஊரில் சீனக் கிழவர்.

"வணக்கம் அம்மையீர். நான்தான் அந்த ஆ பெக்" என்றார் அவர். சற்று நிறுத்தினார். "தாங்கள் கூறியது சரி, குழாய் ஒழுகுகிறது. ஆனால் அது என் வீட்டுக் குழாய் அன்று, மேல்வீட்டுக் குழாய்."

காதில் விழுந்தது தமிழ் என்று புரிவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. அதுவும் என்ன தமிழ். பள்ளிக்கூடத் தேர்வுக்குப் பிறகு 'அன்று' என்று யாராவது இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"சாரி அங்கிள். நீங்க தமிழ் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது லா."

"தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்றார், மன்னிப்பது போலவும் இல்லாமல், கேலி செய்வது போலவும் இல்லாமல்.

அதற்குப் பிறகு அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீழே வருவார். சரியாகப் பத்து மணிக்குக் கதவைத் தட்டுவார். ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நீச்சல் குளத்தின் ஓரம் நின்று கடிகாரம் பார்ப்பதை நான் உள்ளிருந்து பார்ப்பேன். கையில் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர். பால் விடாத என் கோப்பி ஓ-வை எவ்வளவு உபசரித்தாலும் தொடமாட்டார். பேசும்போது எதையாவது கிறுக்கிக் காட்டினால் போகும்போது அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். லிஃப்டுக்கு வழி காட்ட நான் வரைந்த படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மறைப்பானேன், அரிப்பாகவே இருந்தது. ஒரு சீனருக்குத் தமிழ் எப்படி வந்தது? கேட்டேன். அதை மட்டும் அவர் தாராளமாகச் சொன்னார்.

கல்லூரியில் சேர்ந்தபோது பிரெஞ்சு படிக்க விண்ணப்பித்தாராம். ஒருநாள் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மொழி. "என் பெயருக்கு எதிரே மூன்று எழுத்துகள் இருந்தன. அவற்றில் முதல் எழுத்து, தாய்லாந்தை எழுதும்போது வருகிற எழுத்து." நிறுத்தினார். "ஆகவே நான் தாய்லாந்து மொழி படிக்கப் போகிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அது தமிழ் என்பது வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது."

"அழுதீங்களா அங்கிள்?"

"அம்மாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன்."

ஒரு தமிழரைக்கூடப் பார்க்காமல் வருடக்கணக்கில் தமிழ் படித்திருக்கிறார். முதன்முதலில் ஒரு தமிழர் வாயிலிருந்து தமிழைக் கேட்டபோது, அது வேறு ஏதோ மொழி என்று நினைத்துவிட்டாராம்.

மிச்சத்தை அவர் மகள் சொன்னாள். முதலில் மொழிபெயர்ப்பாளர். பிறகு தூதரகச் செயலாளர். இரண்டு நாடுகளில் தூதர். கடைசியில் தலைநகரில் வெளியுறவு விஷயங்களைப் பார்க்கும் பெரிய பதவி, அதற்கும் பிறகு அரசியல் ஆலோசனை சபை ஒன்றில் இருக்கை. "நான் ஸ்கூலில் படிக்கும்போது அப்பாவை டிவியில்தான் அதிகம் பார்த்தேன்" என்றாள் அவள் மாண்டரினில். நான் ஆரம்பப் பள்ளி படித்தது சீனப் பள்ளியில். பேச்சு கொஞ்சம் தடுமாறினாலும் கேட்டால் புரிந்துவிடும். அவள் அதைக் குறையாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் அவர் வந்ததும் கேட்டுவிட்டேன். "நீங்க மந்திரி மாதிரி பெரிய ஆளாமே அங்கிள்?"

"பெரிய மேசைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஓரத்தில்."

"எந்தெந்த நாட்டுல தூதரா இருந்தீங்க?"

"முதல் நாடு மிகவும் வெப்பமானது. மக்கள் இனிமையானவர்கள்."

"ரெண்டாவது நாடு?"

சற்று யோசித்தார். "அதுவும் வெப்பமானது" என்றார்.

அவரிடம் யார் எதைச் சொன்னாலும் உடனே பதில் வராது. முதலில், "தாங்கள் சொல்வது இதுதான் என்று நான் புரிந்துகொள்ளலாமா?" என்பார். பிறகு நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்வார். நாம் சொன்னதைவிட அது நன்றாக இருக்கும். நமக்கே நாம் கொஞ்சம் நியாயமான ஆளாகத் தெரிவோம். சரிதான் என்று தலையாட்டிவிடுவோம். அந்தத் திருப்பிச் சொல்லுதலில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஏழாவது மாடிக் கறி விவகாரத்தில்தான்.

ஏழாவது மாடியில் எதிரெதிர் வீடுகள். ஒன்றில் தனியாக வாழும் ஒரு சீன அம்மா, மற்றொன்றில் வங்கியில் வேலை பார்க்கும் பரிமளா. ஒருநாள் சீன அம்மா என் அலுவலகத்துக்கு வந்து, அந்த வீட்டுக் கறி நாற்றத்தில் கதவைத் திறக்க முடியவில்லை, துணியெல்லாம் நாறுகிறது என்று மாண்டரினில் பொரிந்து தள்ளினார். அங்கிள் அங்கேதான் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் திருப்பிச் சொன்னார்: எதிர் வீட்டுச் சமையல் உங்கள் வீடு வரைக்கும் வருகிறது, அதை உங்களால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை, அப்படித்தானே? அந்த அம்மா ஒரு கணம் திகைத்து, ஆமாம் என்றார்.

சாயங்காலம் லிஃப்ட் வாசலில் பரிமளாவைப் பார்த்தார். நானும் நின்றிருந்தேன். "எதிர் வீட்டு அம்மையார் தங்கள் சமையலைப் பற்றிப் பேசினார். அது தம் வீடு வரைக்கும் வருகிறதாம், கவனிக்காமல் இருக்க முடியவில்லையாம்."

பரிமளாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா அங்கிள்? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா ஆட்டுக்கறி எதிர் வீட்டுக்குப் போனது. இரண்டு நாள் கழித்து அதே டப்பா நிறையக் குவே பலகாரம் திரும்பி வந்தது. புகாரை எழுதியிருந்த தாளை நான் கிழித்துப் போட்டேன்.

இந்தக் கதை கொண்டோ முழுவதும் பரவியது. அதனால்தான் முனியாண்டி விவகாரம் வந்தபோது கமிட்டி சேர்மன் நேராகப் பன்னிரண்டாம் மாடிக்குப் போனார்.

கொண்டோ கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் லாரி ஒர்க்‌ஷாப்புகள் இருந்தன. அப்போதிருந்தே கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு முனி. ஒரு கல், ஒரு சூலம், அவற்றுக்குமேல் இரும்புச் சட்டத்தில் தகரக் கூரை. கட்டியவர்கள் அதைத் தொடப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். அதைக் கவனித்துக்கொண்டவர் எங்கள் ஜாகா சேகர் அண்ணன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் கேட்டில் காவல் நிற்பவர். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் சூடமும் தன் கையால் வைப்பார். "நான் பகல் ஜாகா மேடம், அவரு இருபத்துநாலு மணி ஜாகா" என்பார்.

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடும் இடம் வேண்டும் என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்து மரத்தடிதான் தோதான இடம் என்று கமிட்டி சொன்னது. ஏழு பேரில் ஐந்து பேர் முனியை அங்கிருந்து எடுத்துவிடும் முடிவோடுதான் கூட்டத்துக்கு வந்தார்கள். சேகர் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சேர்மன் நினைத்தது ஒரு மரியாதைக்காக. சேகர் அண்ணனுக்கு மலாய் நன்றாக வரும். ஆனால், "சாமி விஷயத்த நான் தமிழ்லதான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டார். நான் கமிட்டியிடம் சம்பளம் வாங்குகிறவள், நான் மொழிபெயர்த்தால் சரிவராது. அங்கிள் வந்து உட்கார்ந்தார், மேசையின் ஓரத்தில்.

சேகர் அண்ணன் யூனிஃபார்ம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சாமி இங்கதான் இருக்கணும். கேட்ட பாத்து நிக்கிற சாமி அது. அவ்ளோதான்."

அங்கிள் அவரை நேராகப் பார்த்தார். "தாங்கள் சொல்வது இதுதான் என்று நான் புரிந்துகொள்ளலாமா? சாமி இந்த வளாகத்திலேயே இருக்க வேண்டும், அதற்கு உரிய இடம் வேண்டும்."

சேகர் அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

அங்கிள் கமிட்டியின் பக்கம் திரும்பி அதை மாண்டரினில் சொன்னார். உரிய இடம் என்றதும் சேர்மனுக்கு மூச்சு வந்தது. பின்சுவர் ஓரம் இடம் இருக்கிறது, கமிட்டியே புதிதாகச் சிமெண்ட் மேடை கட்டித் தரும் என்றார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. வெளியே வந்த சேகர் அண்ணன், "என்னமா அழகா சொன்னாரு மேடம் அவரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் கோவில் ஐயர் ஒருவரை வரவழைத்துப் பூசை செய்து முனியைப் பின்சுவருக்குக் கொண்டுபோனார்கள். வேலையாட்கள் சட்டத்தைத் தங்கள் வசதிக்கு வைத்துவிட்டுப் போனார்கள். முனி ஜெனரேட்டர் அறைக் கதவைப் பார்த்து நின்றது.

மறுநாள் பத்து மணிக்கு அங்கிள் கதவைத் தட்டினார். நான் நாற்காலியைக் காட்டவில்லை.

"அங்கிள், சேகர் அண்ணே 'உரிய எடம்'னு சொல்லல. 'இங்கதான்'னு சொன்னாரு."

அவர் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தார். "தாங்கள் கவனித்துவிட்டீர்கள்."

"எனக்குத் தமிழ் தெரியும் லா அங்கிள்."

"ஆம். நான் வேலை செய்த அறைகளில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இருந்ததில்லை." அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் தானாகவே உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். இளம் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது ஒரு பேச்சுவார்த்தை. பிடிபட்ட கப்பல் ஒன்றின் பதினோரு மாலுமிகளை வீட்டுக்கு அனுப்புவது பற்றி. நடுவில் இவருடைய மேலதிகாரிக்குக் கோபம் வந்து, இவர்கள் பேச வந்தார்களா விருந்து சாப்பிட வந்தார்களா என்று சொல்லிவிட்டார். இவர் அதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னார். எதிரில் இருந்தவர்கள் கோப்புகளை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

"யாரும் என்னைத் திட்டவில்லை. மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு என்றார்கள்." நிறுத்தினார். "அடுத்த வாரம் ஒரு நூலகத்தின் நிலவறைக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகள் புத்தக அட்டைகள் எழுதினேன்."

"அந்த மாலுமிங்க?"

"வீடு போக மேலும் ஒரு வருடம் ஆயிற்று. அவர்களில் ஒருவருடைய தகப்பனார் அதற்குள் இறந்துபோனார்." இந்த முறை நீண்ட நேரம் நிறுத்தினார். "நிலவறையில் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. திரும்பி வந்த பிறகு நான் அப்படித் துல்லியமாக மொழிபெயர்த்ததில்லை. நான் சொல்லை மாற்றியிராவிட்டால், நேற்று அந்தக் கல் குப்பை லாரியில் போயிருக்கும், அம்மையீர்."

அது உண்மைதான். எனக்கும் தெரியும். இருந்தாலும் மனது ஆறவில்லை.

"சரி அங்கிள். அவங்கெல்லாம் எங்கயோ இருந்த ஆளுங்க, உங்களுக்கு மூஞ்சி தெரியாது. இவரு சேகர் அண்ணே. நாளைக்கும் கேட்டத் திறந்து விட்டு உங்களுக்குக் குட் மார்னிங் சொல்வாரு. தான் சொன்னதத்தான் நீங்க சொன்னீங்கன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நான் யாருடைய சொல்லை மாற்றினேனோ, அவரை மறுநாள் சந்திக்க நேர்ந்ததே இல்லை" என்றார். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கீழே வரவில்லை.

சனிக்கிழமை காலை வந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். "கேட் வரைக்கும் என்னோடு வர முடியுமா? ஒரு சாட்சி வேண்டும்" என்றார்.

சேகர் அண்ணன் ஜாகா அறையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"திரு. சேகர் அவர்களே, அன்று கூட்டத்தில் தாங்கள் சாமி இங்கதான் இருக்கணும் என்றீர்கள். நான் உரிய இடம் வேண்டும் என்று மாற்றிச் சொன்னேன்." நிறுத்தினார். "அது தாங்கள் சொன்னது அன்று. வேண்டுமென்றே மாற்றினேன்."

சேகர் அண்ணன் தேநீர்ப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். "தெரியும் ஐயா" என்றார்.

அங்கிளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

"நீங்க சொன்னப்பவே காதுல பட்டுச்சு. எனக்கும் தமிழ் தெரியுமில்ல. அந்தப் பக்கம் பாத்தேன், அஞ்சு பேரு முடிவு பண்ணிட்டு ஒக்காந்திருக்காங்க. இந்தப் பக்கம் நீங்க கண்ணக்கூட சிமிட்டாம என்னையே பாக்குறீங்க. சரி, இந்த ஐயா நமக்காக என்னமோ பண்றாரு, தலைய ஆட்டுவோம்னு ஆட்டிட்டேன். இல்லன்னா முனிய லாரியில ஏத்திருப்பாங்க லா."

"பின்ன ஏண்ணே என்கிட்ட அழகா சொன்னாருன்னு சொன்னீங்க?" என்றேன் நான்.

"அழகாத்தான மேடம் சொன்னாரு. அதுல என்ன பொய்?"

அங்கிள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் பற்களை அன்றுதான் பார்த்தேன். சேகர் அண்ணன் சிரிக்கவில்லை.

"ஆனா கஷ்டமாத்தான் இருக்கு ஐயா. கேட்ட பாத்து நின்ன சாமி. இப்ப ஜெனரேட்டர் கதவ பாத்துக்கிட்டு நிக்குது. அத நெனச்சா சோறு எறங்கல."

அங்கிள் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கூட்டக் குறிப்பின் நகல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார்.

"பின்சுவர் ஓரம் என்று இருக்கிறது. எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை" என்றார்.

பின்சுவருக்குப் போனோம். சேகர் அண்ணனும் தோட்ட வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞரும் இரும்புச் சட்டத்தைப் பிடித்தார்கள். அங்கிள் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. முதலில் சட்டம் திரும்பியது, பிறகு கல், கடைசியாக சூலம். கார் நிறுத்தும் தூண்களின் வரிசைக்கு நடுவே நேராகப் பார்த்தால், கோடியில் கேட் தெரிந்தது. சேகர் அண்ணன் சூடம் ஏற்றினார். அங்கிளின் வெள்ளைச் சட்டையில் துரு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை சேர்மன் என் அலுவலகத்துக்கு வந்தார். அங்கிள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சிலையை யாராவது திருப்பி வைத்தார்களா? போன வாரம் வேறு பக்கம் பார்த்த மாதிரி ஞாபகம்" என்றார் சேர்மன்.

எனக்கு யோசிக்கவே நேரம் இல்லை. "கமிட்டி சொன்ன இடத்துலதான் இருக்கு சார், பின்சுவர் ஓரத்துல. நானே போய்ப் பார்த்தேன்" என்றேன்.

சேர்மன் ஒரு கணம் நின்றார். பிறகு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. கதவு மூடிய பிறகு அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேனா, கேலி செய்வார் என்று நினைத்தேனா, இப்போது ஞாபகம் இல்லை.

"எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது தங்களுக்கு" என்றார் அவர் மெதுவாக. முகத்தில் சிரிப்பு இல்லை.